தோல் மேல் தோலாக ஓர் உடை

விஞ்ஞானக் கற்பனைத் திரைப்படங்களில் வரும் விண்வெளி வீரர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அதில் ஒரு சுருக்கம் விழுவதில்லை. பொத்தான் எங்கே, தையல் எங்கே என்று தேடினாலும் தெரிவதில்லை. தோலின் மேல் இன்னொரு தோல் வளர்ந்ததுபோல உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. இத்தகைய உடையை எப்படித் தைக்கிறார்கள்? தட்டையான துணி, மேடும் பள்ளமுமான மனித உடலில் இப்படிப் படிந்து நிற்பது எவ்வாறு?

இது வெறும் தையற்கடைக் கேள்வி அன்று. பௌதிகமும் கணிதமும் உடலியலும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. கடலில் மூழ்குபவர்களும் விண்ணில் பறப்பவர்களும் இதே கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். ஆகவே, முதலில் நம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தொடங்குவோம்.

கடலடியில் ஓர் உடல்

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பழம்புகழ் பெற்றவை. தூத்துக்குடிக் கரையின் முத்துக் குளிப்பவர்கள் இடையில் ஒரு துணியும் கழுத்தில் ஒரு வலைப்பையும் மட்டுமே கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கினார்கள். மூச்சை அடக்கி ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக அங்கே இருந்து சிப்பிகளைச் சேகரிப்பார்கள். மேலே படகில் கயிறு பிடித்திருக்கும் துணையாள் அவர்களைத் தூக்கிவிடுவார். இக்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்கு எடுக்கும் குளிப்பு அதன் பின்னும் தொடர்ந்தது.

இவர்களுக்கு உடை தேவைப்படவில்லையா? மன்னார் வளைகுடாவின் நீர் வெதுவெதுப்பானதுதான். ஆயினும் நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். நம் உடலின் வெப்பநிலை 37 டிகிரி. கடல் 28 டிகிரியாக இருந்தாலும், மணிக்கணக்கில் அதில் கிடப்பவருக்கு உடல் நடுங்கத்தான் செய்யும். பவளப் பாறையின் கீறலும், 'சொறி' எனப்படும் ஜெல்லி மீனின் தீண்டலும் வேறு. பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஜெல்லி மீன்கள் பெருகும் காலத்தில் உடல் முழுவதையும் மூடும் பருத்தி உடையை அணிந்து இறங்கினார்கள். திரைப்படக்காரர்கள் கற்பனை செய்வதற்கு வெகுகாலம் முன்பே, முழு உடலையும் மூடும் உடை ஒரு தொழிற்கருவியாக இருந்திருக்கிறது.

அடுத்த படியை எடுத்துவைத்தவர் அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி ஹியூ பிராட்னர். உடலை உலர்வாக வைத்திருந்தால்தான் குளிர் தாக்காது என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். அது தேவையில்லை என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் எடுத்துக்காட்டினார். நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை நுரையாக்கி உடையாகச் செய்தால், அதிலுள்ள நுண்ணிய வாயுக் குமிழிகளே வெப்பத்தைக் காக்கும். உடைக்குள் சிறிது நீர் புகுந்தாலும் கேடில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உடை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உள்ளே வெப்பமடைந்த நீர் வெளியேறி, குளிர்ந்த நீர் புகுந்துகொண்டே இருக்கும். பொருத்தமாகத் தைக்கப்படாத உடை, உடையே இல்லாததற்குச் சமம்.

திரையிலிருந்து மண்டபத்திற்கு

கற்பனைப் பாத்திரங்களின் உடையைத் தாமே தைத்து அணிந்து விழாக்களுக்குச் செல்லும் வழக்கம் 1939-இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டு நியூயார்க் நகரில் முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாடு நடந்தது. மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணி தமக்கும் தம் நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் எதிர்கால மனிதர்களின் உடைகளைத் தைத்தார். இருவரும் அவற்றை அணிந்தே மாநாட்டுக்குச் சென்றனர். 1936-இல் வெளிவந்த ஒரு விஞ்ஞானத் திரைப்படம் அவ்வுடைகளுக்கு ஒரு முன்மாதிரி.

தமிழ்த்திரைக்கும் இது புதிதன்று. வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்லும் கதையைக் கொண்ட 'கலை அரசி' 1963-இலேயே வெளிவந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாகக் 'காமிக் கான்' விழா நடந்தபோது, தாமே தைத்த பாத்திர உடைகளுடன் இளைஞர்கள் வந்தார்கள். அத்தகைய உடை ஒன்றைத் திரையில் கண்டபடியே தைப்பது எப்படி என்று இனிப் பார்ப்போம்.

தட்டைத் துணியும் வளைந்த உடலும்

ஒரு தேங்காயைக் காகிதத்தால் சுருக்கமின்றிச் சுற்றிப் பாருங்கள். முடியாது. ஆனால் ஒரு டம்ளரைச் சுற்றலாம். டம்ளர் ஒரு திசையில் மட்டும் வளைந்திருக்கிறது. தேங்காயோ இரு திசைகளில் வளைந்திருக்கிறது. இரு திசைகளில் வளைந்த பரப்பை, நீட்டாமலும் சுருக்காமலும் தட்டையான தளத்தில் விரிக்க இயலாது என்பது கணித மேதை கௌஸ் நிறுவிய உண்மை. உலக உருண்டையைத் தட்டையான படமாக வரையும்போது கண்டங்களின் வடிவமோ பரப்போ பிழையாவதும் இதனாலேயே.

மனித உடலில் தோள், மார்பு, பிட்டம், முழங்கால் ஆகியவை தேங்காயைப் போன்றவை. இடுப்பின் பக்கவாட்டு, குதிரைச் சேணம்போல ஒரு திசையில் உட்குழிந்தும் மறுதிசையில் புறம் குவிந்தும் இருக்கிறது. இவற்றின் மேல் துணியைப் படியவைக்க இரண்டு வழிகள்தான் உண்டு. ஆரஞ்சுச் சுளைகளைப்போலத் துணியைப் பல துண்டுகளாக வெட்டி இணைப்பது ஒன்று. தானே நீண்டு கொடுக்கும் துணியைப் பயன்படுத்துவது மற்றொன்று. உடலோடு ஒட்டிய உடைக்கு இரண்டுமே வேண்டும்.

நீளும் துணி

வேட்டி, சட்டைத் துணி ஆகியவை பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டவை. அவற்றில் நூல் ஏறத்தாழ நேராகச் செல்வதால் நீளமாட்டா. பனியன் துணியோ நூலைக் கண்ணிகளாகக் கோத்துப் பின்னப்பட்டது. இழுத்தால் வளைந்த கண்ணி நேராகிறது, துணி நீளுகிறது. இத்தகைய பின்னல் துணிக்குத் திருப்பூர் பேர்பெற்றது. அங்கே தயாராகும் ஆடைகள் பெருமளவில் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே கப்பலேறுகின்றன.

பழைய பனியனின் முழங்கைப் பகுதி தொங்கிப்போவதைக் கண்டிருப்பீர்கள். கண்ணி நீண்டது, ஆனால் முழுமையாக மீளவில்லை. மீள்வதற்கு ரப்பர் போன்ற ஓர் இழை உடன் சேரவேண்டும். அதுதான் ஸ்பான்டெக்ஸ். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலார் 1958-இல் இதை உருவாக்கினார். 'லைக்ரா' என்ற வணிகப் பெயரில் இது கடைகளில் அறியப்படுகிறது. இதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியின் சில பகுதிகள் சுருண்டு தளர்ந்திருக்கும். சில பகுதிகள் விறைப்பானவை. இழுத்தால் சுருள் விரிகிறது. விட்டால் மீண்டும் சுருள்கிறது. விறைப்பான பகுதிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் சங்கிலிகள் நழுவிப் போவதில்லை. இவ்விழை தன் நீளத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு மீளக்கூடியது. நைலான் அல்லது பாலியெஸ்டர் பின்னலில் இதைச் சிறிதளவு சேர்த்தாலே போதும்.

கடைக்குச் செல்லும்போது ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். துணியில் 10 சென்டிமீட்டர் நீளத்தை விரல்களால் பிடித்து, வலிந்து இழுக்காமல் நீளும் வரை இழுங்கள். 15 சென்டிமீட்டர் வந்தால் அதன் நீட்சி 50 சதவீதம். விட்டவுடன் பழைய 10 சென்டிமீட்டருக்கே திரும்புகிறதா என்றும் பாருங்கள். அகலத்தில் ஒருமுறை, நீளத்தில் ஒருமுறை இச்சோதனையைச் செய்யவேண்டும். நான்கு பக்கமும் நீளும் துணியே நமக்கு ஏற்றது.

உடலின் வரைபடம்

இனி வெட்டுவதற்கான மாதிரித் தாள்கள் வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பழைய பனியன் ஒன்றை அணிந்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கும் மேலே அகலமான ஒட்டு நாடாவைத் துண்டு துண்டாக ஒட்டச் செய்யுங்கள். திரையில் கண்ட உடையின் தையற் கோடுகளையெல்லாம் இந்தக் கூட்டின்மேல் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். பின்னர் நட்ட நடுமுதுகில் வெட்டிக் கழற்றி, கோடுகளின் வழியே துண்டுகளாக்குங்கள்.

ஒவ்வொரு துண்டையும் மேசைமீது வைத்துப் பாருங்கள். தட்டையாகப் படிந்தால் நன்று. நடுவில் குமிழ்போல எழும்பினால் அந்த இடம் தேங்காய் வகையைச் சேர்ந்தது; அங்கே இன்னொரு வெட்டு வேண்டும். சிறிதளவே எழும்பினால் துணியின் நீட்சி அதைச் சரிசெய்துவிடும். கௌஸின் கணிதம் உங்கள் மேசைமீதே விளங்கிவிடுகிறது.

இவ்வேலையில் கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில. தனியாகச் செய்யவே கூடாது. உடன் ஒருவர் இருக்க வேண்டும். மார்பில் நாடா ஒட்டும்போது மூச்சை நன்றாக இழுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் பின்னர் மூச்சு விட இடமிராது. கழுத்தில் நாடாவைச் சுற்றவே வேண்டாம். கத்தரி முனை மழுங்கியதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கூட்டுக்குள் வியர்வை ஆவியாகாது. ஆகையால் அரைமணி நேரத்திற்குள் முடித்துக் கழற்றிவிட வேண்டும். தலை சுற்றினால் அந்தக் கணமே வெட்டி எடுத்துவிடுங்கள். கூடு மீண்டும் செய்துகொள்ளலாம்.

உடலைவிடச் சிறிய உடை

சாதாரணச் சட்டையை உடலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுவோம். இந்த உடையையோ உடலைவிடச் சிறிதாக வெட்ட வேண்டும். நீண்டு நிற்கும் துணியில்தான் சுருக்கம் விழாது. பொதுவாகச் சுற்றளவில் 10 சதவீதம் குறைக்கலாம். மார்பளவு 84 சென்டிமீட்டர் என்றால் துணியின் சுற்றளவு 75.6 சென்டிமீட்டர். எட்டுத் துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும். தையலுக்கு விடும் இடம் இதில் சேராது.

அணியும்போது உடை எங்கே சிக்கும் என்பதையும் முன்னதாகவே கணக்கிடலாம். உங்கள் இடை 70 சென்டிமீட்டர், இடுப்பு 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இடைப்பகுதித் துணியை 63 சென்டிமீட்டராக வெட்டியிருப்பீர்கள். ஆனால் அது 90 சென்டிமீட்டர் இடுப்பைத் தாண்டித்தான் மேலே வரவேண்டும். 63-ஐ 90 ஆக்குவதற்கு 43 சதவீத நீட்சி தேவை. 50 சதவீதம் நீளும் துணி இடுப்பைக் கடந்துவிடும். 30 சதவீதம் மட்டுமே நீளும் துணி 82 சென்டிமீட்டரோடு நின்றுவிடும்; ஜிப்பை இடைக்குக் கீழும் நீட்டித்தால் அன்றி அதை அணியமுடியாது.

உயரத்தில் இவ்வளவு குறைக்கக் கூடாது. துணியை அகலவாட்டில் இழுத்தாலே நீளவாட்டில் தானாகச் சிறிது சுருங்கும். மேலும் தோளிலிருந்து கால்களுக்கிடையே சென்று மீண்டும் தோளுக்கு வரும் சுற்று குறைவாக இருந்தால், நாள் முழுவதும் உடை உங்கள் தோள்களைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். 1987-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற தொலைக்காட்சித் தொடரில் இதுதான் நடந்தது. சுருக்கமே தெரியக்கூடாது என்பதற்காக ஸ்பான்டெக்ஸ் உடைகளை நடிகர்களின் உடலைவிடச் சிறிதாகத் தைத்திருந்தார்கள். கதாநாயகரான பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுவலி கண்டது. மூன்றாம் ஆண்டில் முதன்மை நடிகர்களுக்கு மேல் கீழ் எனப் பிரித்த கம்பளி உடை வந்தது. திரையில் கண்டதை அப்படியே பின்பற்றுவது என்றால், இந்த முதுகுவலியையுமா பின்பற்றுவது?

முழங்காலில் ஒரு சோதனை

முழங்காலை நன்றாக மடக்கும்போது அதன்மேலுள்ள தோல் நீளவாட்டில் 35 முதல் 45 சதவீதம் வரை நீளுகிறது. முழங்கையும் அவ்வாறே. உடையும் அங்கே அவ்வளவு நீளவேண்டும். நீளாத பட்டைகளையும் சின்னங்களையும் அங்கே ஒட்டினால் என்ன ஆகும்? பட்டை உரிந்து வரும். அல்லது காலை மடக்க முடியாது.

கணுக்கால், முழங்கால், முழங்கை ஆகியவற்றைச் சுற்றிப் பல இடங்களில், ஒரு குப்பி மூடியை மையில் தோய்த்து வட்டங்கள் பதியுங்கள். பின்னர் மூட்டை மடக்குங்கள். வட்டங்கள் நீள்வட்டங்களாக மாறும். ஒரு திசையில் நீண்டு மறுதிசையில் குறுகிய நீள்வட்டத்தைக் கவனியுங்கள். நீண்ட திசைக்கும் குறுகிய திசைக்கும் இடையே, நீளாமலும் குறுகாமலும் இருக்கும் திசை ஒன்று இருந்தே தீரவேண்டும் அல்லவா? அந்தத் திசைகளைத் தொடர்ச்சியாக இணைத்தால், நாம் எப்படி அசைந்தாலும் நீளாத கோடுகள் உடலின்மேல் கிடைக்கின்றன. ஆர்தர் ஐபெரால் என்ற அமெரிக்க ஆய்வாளர் விண்வெளி உடைகளுக்காக இக்கோடுகளை ஆராய்ந்தார். நீளாத அலங்காரப் பட்டைகளை இக்கோடுகளின்மேல் வைத்தால் உடை கிழியாது. உடலும் கட்டுண்டு போகாது.

தையலும் நீளவேண்டும்

துணி நீண்டும் தையல் நீளாவிட்டால், முதல்முறை குனியும்போதே நூல் படபடவென்று அறுந்துவிடும். சாதாரணத் தையலில் நூல் நேராகச் செல்கிறது. அதற்கு நீள இடமில்லை. வளைந்து வளைந்து செல்லும் ஜிக்ஜாக் தையலில் இடமுண்டு. எவ்வளவு? பிதாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். ஊசி ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் முன்னேறி, 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், நூல் செல்லும் சாய்வான பாதை 2.83 மில்லிமீட்டர். ஆகவே தையல் 41 சதவீதம் வரை நீளலாம். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் மட்டும் நகர்ந்தால் பாதை 2.24 மில்லிமீட்டர், நீட்சி 12 சதவீதமே. முழங்காலின் மேல் செல்லும் தையலுக்கு எது வேண்டும் என்பது இப்போது விளங்கும். இடையில் குறுக்குத் தையல் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். அணியும்போது 43 சதவீத நீட்சி அதன்மேல்தான் விழும்.

வீட்டில் நேர்த்தையல் மட்டும் போடும் கால்மிதி இயந்திரம்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். துணியை முன்னும் பின்னும் அளவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தால், துணி தளரும்போது நூலில் சிறிது கூடுதல் நீளம் தங்கிவிடும். பருத்தி நூலுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் நூலைப் பயன்படுத்துங்கள். ஊசியின் முனை உருண்டையாக இருக்கவேண்டும். கூர்முனை கண்ணிகளின் நூலைத் துளைத்து அறுக்கும்; உருண்டை முனை நூலை விலக்கிக்கொண்டு இடையே புகும். நல்ல துணியில் கைவைக்குமுன், அதே அளவு நீளும் மலிவான துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

இறுக்கத்தின் விதி

இழுபட்ட துணி உடலை அழுத்துகிறது. எவ்வளவு அழுத்துகிறது என்பது வளைவைப் பொறுத்தது. இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். இது லாப்லாஸ் கண்ட விதி. ஒரே இழுவிசையுள்ள துணி, 8 சென்டிமீட்டர் ஆரமுள்ள தொடையை அழுத்துவதைவிட, 2.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள மணிக்கட்டை மூன்று மடங்குக்கு மேல் அழுத்தும். ஆகவே மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து ஆகிய இடங்களில் அளவைக் குறைக்கும்போது கை தாராளமாக இருக்கட்டும். விரல்கள் மரத்துப்போனாலோ வெளுத்தாலோ அது இரத்த ஓட்டம் தடைப்படுவதன் அறிகுறி.

முதுகின் நடுப்பள்ளம் உட்குழிந்தது. அங்கே துணி உடலை அழுத்துவதேயில்லை. இரு கரைகளுக்கு இடையே கட்டிய பாலம்போல நின்றுவிடும். எவ்வளவு இறுக்கினாலும் படியாது. அங்கே உள்நோக்கி வளைத்து வெட்டிய ஒரு தையல்தான் துணியைப் பள்ளத்துக்குள் கொண்டுசெல்லும். திரைப்பட உடைகள் பலவற்றில் நடுமுதுகில் ஒரு நீண்ட தையல் இருப்பதன் காரணம் இதுவே.

இதே விதியைக்கொண்டு உண்மையான விண்வெளி உடையையே செய்ய முயன்றிருக்கிறார்கள். 1965 மார்ச் 18 அன்று அலெக்ஸி லியோனவ் முதன்முதலாக விண்வெளியில் மிதந்தார். காற்றடைத்த அவருடைய உடை வெற்றிடத்தில் பலூன்போல விறைத்துவிட்டது. உடையின் காற்றை ஓரளவு வெளியேற்றிய பிறகே அவரால் கலத்துக்குள் திரும்ப முடிந்தது. காற்றுக்குப் பதிலாக இறுக்கமான துணியே உடலை அழுத்தினால் என்ன? பால் வெப் என்ற அமெரிக்க மருத்துவர் 1968-இல் இவ்வாறு ஓர் உடையை முன்வைத்தார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாவா நியூமன் என்ற பேராசிரியை, ஐபெராலின் நீளாக் கோடுகளையும் சேர்த்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். உட்குழிந்த இடங்களில் அழுத்தம் விழாதது அவர்களுக்கும் ஒரு சிக்கல்தான். திரையில் கற்பனையாகக் கண்ட உடை விஞ்ஞானியின் மேசைக்கே வந்துவிட்டது பாருங்கள்!

திரையில் கண்ட நிறம்

திரையில் கண்ட நிறத்தை நம்பித் துணி வாங்குவது ஆபத்து. 1966-இல் தொடங்கிய முதல் 'ஸ்டார் டிரெக்' தொடரில் கப்பல் தலைவரின் சட்டை பொன்மஞ்சளாகத் தோன்றும். உண்மையில் அத்துணி பச்சை சார்ந்த நிறமுடையது. ஒளிவிளக்குகளும் படச்சுருளும் சேர்ந்து அதைப் பொன்னிறமாக்கிவிட்டன. ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தோன்றும் இரு சாயங்கள், வேறு விளக்கில் வேறாகத் தோன்றுவதும் உண்டு. ஆகவே துணித்துண்டை வெயிலிலும் குழல்விளக்கிலும் பாருங்கள். ஒரு புகைப்படமும் எடுத்துப் பாருங்கள்.

அளவுகளையும் சென்டிமீட்டரில் தேடவேண்டாம், விகிதத்தில் தேடுங்கள். படத்தில் ஒரு பட்டை நடிகரின் தோள் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு என்றால், உங்கள் தோளிலும் ஆறில் ஒரு பங்காகவே இருக்கட்டும். துணி நீளும் என்பதும் நினைவிருக்கட்டும். உடலில் 6 சென்டிமீட்டர் வட்டமாகத் தோன்ற வேண்டிய சின்னத்தைத் துணியில் 5.4 சென்டிமீட்டர் அகலமாக வரையவேண்டும்.

வெப்பம் என்னும் எதிரி

கடலடியில் குளிர் பகை என்றால், கரையில் வெப்பமே பகை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. நைலானும் பாலியெஸ்டரும் உடலை மூடும்போது, ஈரம் மிகுந்த நம் கடற்கரைக் காற்றில், வியர்வை வழியுமே தவிர எளிதில் ஆவியாகாது. அதனால் உடல் குளிர்வதில்லை.

எனவே அக்குளிலும், மேலாடை மறைக்கும் முதுகிலும் வலைத்துணித் துண்டுகளை வைத்துத் தையுங்கள். படத்தில் தெரியாத இடங்கள் அவை. ஜிப் உங்கள் கைக்கே எட்டவேண்டும்; பிறர் உதவியின்றிக் கழற்ற முடியாத உடையை அணியாதீர்கள். மணிக்கொருமுறை உடையைத் தளர்த்தி, நிழலில் அமர்ந்து நீர் அருந்துங்கள். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் கண்டால் உடனே உடையைக் கழற்றி உடலை நனைத்து விசிறவேண்டும்; குணமாகாவிட்டால் மருத்துவரிடம் செல்லவேண்டும். நுரைத் தகடுகளும் காலணிகளும் சேர்ந்த வேட உடையோடு கடலில் இறங்குவது கூடவே கூடாது. நுரை மேலே மிதக்கும். நீர் நிறைந்த காலணி நீந்தவிடாது.

வெப்பக் கடல்களில் மூழ்குபவர்கள் இன்று ஸ்பான்டெக்ஸ் கலந்த மெல்லிய உடலொட்டு உடையை ஜெல்லி மீனுக்கும் கீறலுக்கும் காப்பாக அணிகிறார்கள். நீங்கள் தைக்கப்போகும் வேட உடையும் அதே துணிதான். இக்கரையில் இன்னொரு செய்தியும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

முழு உடையை முதல் நாளே தொடங்கிவிடாதீர்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஒரு கையை மட்டும் தையுங்கள். முழங்கையை மடக்கி நீட்டிப் பாருங்கள். எங்கே சுருங்குகிறது, எங்கே இறுக்குகிறது, எந்தத் தையல் அறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கை சரியாக அமைந்துவிட்டால், மற்றவற்றை எப்படி வெட்டவேண்டும் என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும்.